கண்டி உடன்படிக்கைகளும் சர்வதேசச் சட்டமும்

ஒரு நாட்டினுள் ஒருவன் எழுதிக் கொடுத்த வாக்கை மீறினால், அவனை நீதிமன்றத்துக்கு அழைக்கலாம். நீதிபதி தீர்ப்புக் கூறுவார். அத்தீர்ப்பை நிறைவேற்றுவதற்குப் பொலிசாரும் சிறைச்சாலையும் உண்டு. ஆனால், ஓர் அரசு மற்றோர் அரசுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் யாரிடம் முறையிடுவது? அரசுகளுக்கெல்லாம் மேலான ஓர் அரசன் இல்லை. அங்ஙனமாயின், சர்வதேசச் சட்டம் எனப்படுவது உண்மையிற் சட்டந்தானா? அன்றி, வலியவர் தமக்கு வேண்டியபோது எடுத்துக்காட்டி, வேண்டாதபோது ஒதுக்கிவைக்கும் வெறும் நல்லுரைதானா? இத்துறையைக் கற்கப் புகும் மாணவர் எவருக்கும் முதலில் எழும் ஐயம் இதுவே.

இவ்வையத்துக்கு விடை காண நெதர்லாந்திலுள்ள ஹேக் நகருக்குப் போகவேண்டும் என்பதில்லை. கண்டி நகரும் அதன் சுற்றுப்புறமும் போதும். 1950களில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை பேராதனையில் இயங்கிற்று. அங்கே அயல்நாட்டு நூல்களில் உடன்படிக்கைகளின் இலக்கணத்தைப் படித்த மாணவர்கள் சற்றே தலை நிமிர்ந்து பார்த்திருந்தால், மகாவலி கங்கைக்கு அக்கரையில் கன்னொறுவை தெரிந்திருக்கும். சில கல் தொலைவில் கண்டி அரண்மனையின் மகுல் மடுவ என்னும் மண்டபம் தெரிந்திருக்கும். சர்வதேசச் சட்டத்தின் அடிப்படைகள் ஒவ்வொன்றுக்கும் அவ்விடங்களில் உதாரணம் உண்டு.

முதலில், சர்வதேசச் சட்டம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நன்று. சர்வதேச நீதிமன்றத்தின் யாப்பிலே 38ஆம் உறுப்புரை அதனை எடுத்துரைக்கின்றது. அரசுகள் தம்முட் செய்துகொண்ட உடன்படிக்கைகள் ஒன்று. சட்டமென ஏற்று அரசுகள் நெடுங்காலம் கைக்கொண்டு வந்த வழக்காறு மற்றொன்று. நாடுகள் பொதுவாக ஒப்புக்கொண்ட சட்டக் கோட்பாடுகள் மூன்றாவது. நீதிமன்றத் தீர்ப்புகளும் அறிஞர்தம் நூல்களும் இவற்றை விளக்குந் துணைகளாம். இவை அனைத்துக்கும் அடியில் ஒரேயொரு கோட்பாடு இருக்கின்றது. கொடுத்த வாக்கை நல்லெண்ணத்தோடு காக்கவேண்டும் என்பதே அது. இலத்தீன் மொழியில் அதனைப் ‘பாக்டா சுண்ட் செர்வாண்டா’ என்பர். அரிச்சந்திரன் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் மக்களுக்கு இது புதிய செய்தியன்று.

வாக்குக் கொடுப்பதற்கு முன்னர், அதனைக் கொடுக்கும் தகுதி வேண்டும். உடன்படிக்கை செய்யும் தகுதி சுதந்திர அரசுக்கே உரியது. கண்டி அரசு இத்தகுதியைத் தானே நன்கு உணர்ந்திருந்தது. 1762ஆம் ஆண்டிலே சென்னையிலிருந்து ஆங்கிலக் கம்பெனியின் தூதராக யோன் பைபஸ் கண்டிக்கு வந்தார். உடன்படிக்கை எதுவும் ஏற்படாமலே அத்தூது முடிந்தது. இருபது ஆண்டுகளின் பின், 1782இல், சென்னைத் தேசாதிபதி மக்கார்ட்னி பிரபு அனுப்பிய ஹியூ போய்ட் வந்தபோது, மன்னன் இராசாதி இராசசிங்கன் முன்னைய தூது பயனற்றுப் போனதை நினைவுபடுத்தினான். வணிகக் கம்பெனியோடு பேசுவதிலும் பார்க்க இங்கிலாந்து மன்னனோடு நேரே உடன்படிக்கை செய்வதையே விரும்பினான். மன்னனுக்கு நிகர் மன்னனே, வணிகனல்லன் என்பது அதன் கருத்து. அரசுகள் சிறியனவாயினும் பெரியனவாயினும் சட்டத்தின் முன் சமம் என்று இன்று ஐக்கிய நாடுகள் சாசனம் கூறும் கோட்பாட்டைக் கண்டி அரண்மனை அன்றே தன் நடைமுறையிற் காட்டிற்று.

மேலைநாட்டிலும் அக்காலத்தில் இதனை ஒப்பிய அறிஞர் இருந்தனர். ஒல்லாந்தின் கப்பற் தலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் 1602இல் கண்டிக்கு வந்து மன்னன் விமலதர்மசூரியனைக் கண்டார். சில ஆண்டுகளின் பின், 1609இல், ஒல்லாந்து தேசத்துச் சட்ட அறிஞர் குரோசியஸ் ‘கட்டற்ற கடல்’ என்னும் நூலை வெளியிட்டார். கீழ்த்திசை நாடுகளுக்குத் தமக்கென மன்னரும் ஆட்சியும் சட்டங்களும் உண்டு; ஆதலின் போர்த்துக்கேயர் அவற்றைத் தம் உடைமை எனக் கொள்ள முடியாது என்று அவர் வாதித்தார். ஒல்லாந்தரின் வணிகத்துக்கு அவ்வாதம் வாய்ப்பாக இருந்தது என்பது உண்மையே. ஆயினும், ஒரு நியாயத்தை எவர் எதற்காகக் கூறினாலும், அது வெளிப்பட்ட பின் கூறியவரையும் கட்டுப்படுத்தும். அந்நியாயத்தின்படி ஒல்லாந்தர் நடந்தனரா என்பதைக் கண்டியின் அடுத்த வரலாறு காட்டுகின்றது.

1638ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கன்னொறுவையில் இரண்டாம் இராசசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்தது. அவ்வாண்டு மே மாதம் 23ஆந் தேதி மட்டக்களப்பில் மன்னனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட்டும் ஓர் உடன்படிக்கை செய்தனர். போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து துரத்த ஒல்லாந்தர் உதவுவர். அதற்கான செலவை மன்னன் கறுவா முதலிய பொருள்களாற் கொடுப்பான். கைப்பற்றப்படும் கோட்டைகளில் மன்னன் விரும்பினால் ஒல்லாந்தர் படை வைத்துக் காக்கலாம். இவையே முக்கிய நிபந்தனைகள்.

‘மன்னன் விரும்பினால்’ என்னும் அச்சிறு தொடரை நேயர்கள் கவனித்தல் வேண்டும். மன்னனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் அத்தொடர் இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் அது இல்லை. 1640இல் நீர்கொழும்பும் காலியும் வீழ்ந்தபின், ஒல்லாந்தர் அவற்றைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது மன்னனின் படைக்குக் கோட்டைக் கதவு திறக்கப்படவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போலாயிற்று என்று சிங்கள மக்கள் இதனைப் பழமொழியாகவே கூறுவர்.

இக்காலச் சட்டம் இதற்கு என்ன சொல்கின்றது? 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைச் சட்டத்தின் 33ஆம் உறுப்புரை, ஓர் உடன்படிக்கை இரு மொழிகளில் அதிகாரபூர்வமாக எழுதப்படுமாயின் இரு பாடங்களும் சம வலிமை உடையன என்றும், இரண்டிலும் சொற்கள் ஒரே பொருளைத் தருவனவாகக் கொள்ளப்படும் என்றும் விதிக்கின்றது. பொருள் வேறுபட்டால், உடன்படிக்கையின் நோக்கத்தைக் கொண்டு இரண்டையும் இணக்கிப் பொருள் காணவேண்டும். 1638ஆம் ஆண்டு உடன்படிக்கையின் நோக்கம் போர்த்துக்கேயரை நீக்குவதேயன்றி, அவர் இருந்த இடத்தில் வேறொருவரை அமர்த்துவதன்று. அந்நோக்கத்தைக் கொண்டு நோக்கின், மன்னனின் பாடமே பொருத்தமானது என்பது எளிதில் விளங்கும்.

அடுத்தது இசைவு பற்றிய பாடம். 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் கண்டி மீது படையெடுத்து நகரைச் சூறையாடினார். அப்படை அங்கே நிலைக்க முடியாமல் மீண்டதாயினும், நாடு நொந்து போயிருந்தது. 1766ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் தேதி கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனின் அரசு ஓர் உடன்படிக்கைக்கு இணங்க நேர்ந்தது. அதன்படி இலங்கையைச் சூழ்ந்த கரையோரம் முழுவதும் ஒல்லாந்தக் கம்பெனிக்கு உரியதாயிற்று. கண்டி மக்கள் கரையோர உப்பளங்களிலிருந்து உப்பு எடுக்கும் சலுகையைப் பெற்றனர். ஒரு காலத்திற் கடற்றுறைகளை உடையதாயிருந்த அரசு, தன் மக்களின் உணவுக்கு வேண்டிய உப்பையும் பிறர் இசைவுடன் பெறும் நிலைக்கு வந்தது.

அக்காலத்துச் சட்டத்தில் போரின் முடிவிற் செய்யப்படும் உடன்படிக்கை செல்லுபடியானதே. தோற்றவன் அச்சத்தால் ஒப்பமிட்டான் என்பது அதனைத் தள்ளுவதற்குக் காரணமாகாது. இன்று அந்நிலை மாறியிருக்கின்றது. ஐக்கிய நாடுகள் சாசனத்துக்கு முரணான படைப்பலத்தாலோ, அத்தகைய மிரட்டலாலோ பெறப்பட்ட உடன்படிக்கை வெற்றானது என்று வியன்னா உடன்படிக்கையின் 52ஆம் உறுப்புரை கூறுகின்றது. இவ்விதி பழைய உடன்படிக்கைகளைப் பின்னோக்கிச் சென்று அழிப்பதில்லை. ஒரு காலத்துச் செயலை அக்காலத்துச் சட்டத்தைக் கொண்டே மதிக்கவேண்டும் என்பது மற்றொரு கோட்பாடு. ஆயினும், ஏன் இவ்விதி பிறந்தது என்று கேட்பவருக்கு 1766ஆம் ஆண்டின் கண்டி ஒரு தக்க விடையாகும்.

ஒப்பமிடுதல் வேறு, உறுதிப்படுத்தல் வேறு என்பதற்கும் இங்கு உதாரணம் உண்டு. ஒல்லாந்தரை அகற்ற ஆங்கிலேயர் வந்தபோது, கண்டித் தூதர் சென்னைக்குச் சென்று, 1796ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் உடன்படிக்கைக்கு இணங்கினர். மன்னன் அதனை உறுதிப்படுத்த மறுத்தான். தூதன் கொணர்ந்த உடன்படிக்கையை ஆய்ந்து ஏற்கவும் தள்ளவும் மன்னனுக்கு உரிமை உண்டு; அவ்வுரிமையையே அவன் பயன்படுத்தினான். பின்னர் 1802இல் ஐரோப்பாவில் ஆமியன் நகரிற் செய்யப்பட்ட சமாதான உடன்படிக்கையால் ஒல்லாந்தரின் இலங்கைப் பகுதிகள் பிரித்தானியருக்கு உரியனவாயின. அம்மேசையிற் கண்டிக்கு இடமிருக்கவில்லை.

இனி, இவை எல்லாவற்றினும் பெரிய உதாரணமாகிய 1815ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு வருதல் தகும். அவ்வாண்டு பெப்ரவரியில் பிரித்தானியப் படை கண்டியுட் புகுந்தது. 18ஆந் தேதி ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் சிறைப்பட்டான். மார்ச்சு 2ஆந் தேதி மகுல் மடுவவில் தேசாதிபதி பிறவுன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் கூடிய அவையில் பன்னிரண்டு வாசகங்கள் கொண்ட உடன்படிக்கை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வாசிக்கப்பட்டது. எகலப்பொல, மொல்லிகொட, பிலிமத்தலாவ முதலிய பிரதானிகள் அம்மாதத்தில் அதில் ஒப்பமிட்டனர். அவர்களுட் சிலர் தமிழெழுத்தில் ஒப்பமிட்டமை கண்டி அரசவையில் தமிழுக்கு இருந்த இடத்தைக் காட்டும்.

அவ்வுடன்படிக்கை கூறியவை யாவை? மன்னன் தன் கொடுமைகளால் அரசுரிமையை இழந்தான். அவன் குடும்பத்தார்க்கும் அவ்வுரிமை இல்லை. நாட்டின் ஆட்சி பிரித்தானிய முடிக்கு உரியது. ஆனால், அதிகார், திசாவை முதலியோரின் உரிமைகளும் மக்களின் உரிமைகளும் நாட்டின் சட்டங்களும் வழமைகளும் காக்கப்படும். பிரதானிகளும் மக்களும் கைக்கொள்ளும் பௌத்த சமயம் மீறப்படாதது எனக் கொள்ளப்பட்டு, அதன் கிரியைகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் பேணிக் காக்கப்படும். இது ஐந்தாம் வாசகம். சித்திரவதையும் உறுப்புச் சிதைத்தலும் ஒழிக்கப்படும். தேசாதிபதியின் எழுத்துக் கட்டளையின்றி மரண தண்டனை நிறைவேற்றப்படாது. கண்டியர்க்கிடையே நீதி பரிபாலனம் பழைய முறைப்படி நடைபெறும்.

இவற்றுட் பல நற்பயன் தருவன என்பதில் ஐயமில்லை. ஆயினும், சட்ட மாணவர் மூன்று வினாக்களை எழுப்பவேண்டும். மன்னனைச் சிறையிலிட்ட பின், அவன் நாட்டைக் கொடுக்கும் அதிகாரம் பிரதானிகளுக்கு எங்கிருந்து வந்தது? பிரதானிகளே முழு மக்களின் பேராளரா? அவ்வவையில் இல்லாதவர்களின் உரிமைகளை அவ்வவையிற் பறிக்க முடியுமா? மூன்றாம் வாசகம், மன்னனின் ஆண் உறவினர் அனைவரையும் அரசாங்கத்தின் பகைவர் எனச் சாற்றிற்று; கண்டி மாகாணங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்கள் இசைவின்றித் திரும்பி வருதலாகாது எனவும் தடுத்தது. தென்னிந்தியத் தொடர்புடைய நாயக்க மரபினரும் அவர்களைச் சார்ந்தோரும் அச்சொல்லுள் அடங்கினர். அவர்களிடம் யாரும் இசைவு கேட்கவில்லை. மன்னன் 1816இல் சென்னை வழியாக வேலூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1832ஆம் ஆண்டு சனவரி 30ஆந் தேதி அங்கே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவன் நினைவைத் தாங்கி நிற்கின்றது.

1817இல் ஊவாவில் கிளர்ச்சி தோன்றிப் பல மாகாணங்களுக்குப் பரவி, 1818இல் அடக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 21ஆந் தேதி தேசாதிபதி ஒரு பிரகடனத்தை வெளியிட்டார். பிரதானிகளின் அதிகாரம் பெரிதும் குறைக்கப்பட்டது. கிளர்ந்தெழுந்தோர் உடன்படிக்கையை முறித்தமையால் அதன் பயனை இழந்தனர் என்பது அரசாங்கத்தின் நியாயம். ஆனால், எல்லா மாகாணங்களும் கிளர்ந்தெழவில்லை. அமைதியாயிருந்த இடங்களிலும் பழைய ஒழுங்கு மாற்றப்பட்டது. இருவர் செய்த உடன்படிக்கையை ஒருவர் பிரகடனத்தால் மாற்றலாமா என்னும் வினா அன்றே எழுந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1774இல், கிரனடாத் தீவு பற்றிய வழக்கிலே இங்கிலாந்தின் தலைமை நீதிபதி மான்ஸ்பீல்ட் பிரபு, ஒரு நாடு எந்த நிபந்தனைகளோடு ஒப்படைக்கப்பட்டதோ அந்நிபந்தனைகள் மீறத் தகாதவை என்று கூறியிருந்தார். கண்டிக்காக வாதிட்டோர் பிற்காலத்தில் இக்கோட்பாட்டை ஆதாரமாகக் கொள்ள இடமிருந்தது.

இவ்வினா ஒரு நூற்றாண்டின் பின் நீதிமன்றத்திலேயே எழுந்தது. கண்டிக்குத் தெற்கே உள்ள கம்பளையில், வலகாகொடை தேவாலயத்தின் பெரஹெரா ஊர்வலம் ஆண்டுதோறும் ஊர்வீதியிற் செல்வது வழக்கம். அவ்வீதியில் பின்னர் ஒரு பள்ளிவாசல் அமைந்தது. 1912இல், பள்ளிவாசலுக்கு அண்மையில் மேளம் முழக்காமற் செல்லவேண்டும் என அதிகாரிகள் கட்டளையிட்டனர். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடுத்தார். 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஐந்தாம் வாசகமே அவருடைய ஆதாரம். கண்டி மாவட்ட நீதிபதியாயிருந்தவர் வரலாற்றறிஞர் போல் பீரிஸ். உடன்படிக்கை அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும் என்று 1914இல் அவர் தீர்ப்பளித்தார். 1915ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சட்டசபை இயற்றிய கட்டளைச் சட்டங்களே மேலோங்கி நின்றன. சில மாதங்களின் பின் கண்டியிற் கலவரம் மூண்டு நாட்டின் பல பாகங்களுக்கும் பரவிற்று. அதற்குக் காரணங்கள் பல உண்டு. ஒரு வழக்கை மட்டும் காரணமாக்குதல் தகாது.

இவ்வழக்கில் இரு திறத்தாருக்கும் நியாயம் இருந்தது. வழமைப்படி ஊர்வலம் செல்ல ஒருவர்க்கு உரிமை உண்டு. அமைதியாகத் தொழ மற்றவர்க்கு உரிமை உண்டு. சட்ட மாணவர் இங்கே கற்கவேண்டியது, சர்வதேசச் சட்டத்துக்கும் உள்நாட்டுச் சட்டத்துக்கும் இடையேயுள்ள எல்லையை. ஓர் உடன்படிக்கை அரசைக் கட்டுப்படுத்தலாம். ஆனால், அந்நாட்டின் நீதிமன்றம் சட்டசபை ஆக்கிய சட்டத்தையே முதலிற் பார்க்கும். இதனாற் பெரும் ஆபத்து உண்டு. வாக்குக் கொடுத்தவரே சட்டத்தை இயற்றி வாக்கினின்றும் விலகிக்கொள்ளலாமல்லவா? இதனை நீக்கவே, உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி உடன்படிக்கையை மீறுதலாகாது என வியன்னா உடன்படிக்கையின் 27ஆம் உறுப்புரை விதித்தது.

ஐரோப்பிய அறிஞர் சிலர், கீழ்த்திசை அரசுகள் செய்தவற்றை உடன்படிக்கை எனவே கொள்ளவில்லை. 1928இல் பல்மாஸ் தீவு பற்றிய வழக்கிலே நடுவர் மாக்ஸ் ஹூபர், நாடுகளின் குடும்பத்தில் ஏற்கப்படாத மன்னரோடு கம்பெனிகள் செய்த ஒப்பந்தங்கள் சர்வதேசச் சட்டப் பொருளில் உடன்படிக்கைகள் அல்ல என்றார். அப்படிப்பட்ட ஒப்பந்தங்களின் பேரில் நாடுகளைப் பெற்றுக்கொண்டவர்கள், பிறகு அவற்றை உடன்படிக்கை அல்ல என்பது எத்தகைய நீதி? 1960இல் போர்த்துக்கல்லுக்கும் இந்தியாவுக்கும் இடையே நடந்த வழிச்செல்லும் உரிமை வழக்கில், சர்வதேச நீதிமன்றம் இன்னும் நிதானமாக நோக்கிற்று. 1779இல் மராட்டியர் செய்த உடன்படிக்கையைப் பின்வந்த நடைமுறைகளைக் கொண்டு மதிப்பிடலாகாது என்று அது கூறியது. அதே காலத்தில், 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம் கற்பித்த பேராசிரியர் அலெக்சாந்திரோவிச், பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஆசிய அரசுகள் ஐரோப்பிய அரசுகளுக்குச் சமமாகவே உடன்படிக்கை செய்தன என்பதையும், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்ட நூலோரே அவற்றைக் குடும்பத்துக்கு வெளியே தள்ளினர் என்பதையும் ஆய்ந்து நிறுவினார். அவருடைய நூல் 1967இல் வெளிவந்தது.

இனி, தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு மீளலாம். மீறப்பட்ட சட்டம் சட்டமாகுமா? கண்டியின் வரலாற்றில் உடன்படிக்கைகள் மீண்டும் மீண்டும் மீறப்பட்டன என்பது உண்மை. ஆனால், மீறியவர்கள் எவ்வாறு பேசினர் என்பதையும் நோக்கவேண்டும். ‘எமக்கு வலிமை உண்டு, ஆதலின் கோட்டையைத் தரமாட்டோம்’ என்று ஒல்லாந்தர் கூறவில்லை, மன்னன் போர்ச் செலவைத் தீர்க்கவில்லை என்று கணக்குக் காட்டினர். பிரித்தானியர் வாளால் நகரைப் பிடித்திருந்தும் வாளோடு நிறைவுறவில்லை. அவை கூட்டி, மன்னனின் குற்றங்களை எழுதி, பிரதானிகளின் ஒப்பத்தைப் பெற்றனர். 1818இலும், மற்றவர் முதலில் முறித்தனர் என்ற நியாயத்தையே முன்வைத்தனர். சட்டத்தை மீறியவருக்கும் சட்டத்தின் போர்வை தேவைப்பட்டது. எவருக்கும் பதில் சொல்லவேண்டிய கடமை இல்லையாயின், இத்தனை நியாயங்கள் எதற்கு? அந்தப் பதில் சொல்லும் கடமையே சர்வதேசச் சட்டத்தின் வித்து. வித்து உண்டாயினும் மரம் வளரக் காலம் எடுத்தது. இன்றும் அது முழுதும் வளர்ந்துவிடவில்லை. வலிய நாடுகள் சாசனத்தை மீறுவதை இக்காலத்திலும் உலகம் காண்கின்றது.

ஆயினும், 1815இல் இல்லாத சில இன்று உண்டு. பிற நாட்டைப் படையாற் பிடித்தல் உரிமை தராது என்னும் விதி உண்டு. முறையிடுவதற்கு ஒரு மன்றமும் உண்டு. நாடுகள் இசைந்தாலன்றி அம்மன்றம் வழக்கை விசாரிக்க இயலாது என்பது அதன் குறை. அம்மன்றத்தின் ஆசனத்தில் இலங்கையைச் சேர்ந்த நீதியரசர் வீரமந்திரி 1991 முதல் 2000 வரை அமர்ந்திருந்தார். 1997இல் தன்யூப் நதியின் அணைகள் பற்றிய வழக்கில் அவர் எழுதிய தனித் தீர்ப்புரை, இலங்கையின் பழைய நீர்ப்பாசன மரபை உலகச் சட்டத்துக்கு ஒரு சான்றாக எடுத்துக்காட்டிற்று. ஒரு காலத்தில் ‘நாடுகளின் குடும்பத்தில் இல்லாதவர்’ எனத் தள்ளப்பட்ட மக்களின் அறிவு, அக்குடும்பத்தின் மன்றத்திலேயே சட்டமாக எடுத்தாளப்பட்டது.

சர்வதேசச் சட்டத்தைக் கற்போர் கண்டி உடன்படிக்கைகளின் வாசகங்களைச் சொல் சொல்லாகப் படித்தல் நன்று. எவர் பேசினர், எவர் பேச அழைக்கப்படவில்லை, எந்தச் சொல் எந்தப் பிரதியில் விடுபட்டது, எந்த வாக்கு எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்பவற்றை அவர்கள் அறிந்துகொள்ளட்டும். இரண்டாம் இராசசிங்கனின் பிரதி பேணப்பட்டமையாலேயே, விடுபட்ட தொடர் எதுவென்று இன்று சொல்ல முடிகின்றது. சிறிய நாட்டுக்குப் படை பலம் குறைவாக இருக்கலாம். தான் ஒப்பமிட்ட வாசகத்தை நன்கு அறிந்து, அதனைப் பேணி, உலகத்தின் முன் எடுத்துக்காட்டும் பலம் அதற்கும் உண்டு. சிறிய நாடுகள் சர்வதேசச் சட்டத்தை விடாது பற்றி நிற்பதன் காரணம் இதுவே.